இரண்டாம் வியாழன், லியெபாயா

நூலகத்தின் கீழ்த்தளம். மாலை ஆறு.
வந்தவர்கள் பதினொரு பேர்.
வெப்பக்குழாய் வேலை செய்யவில்லை என்று
முதல் வரியாக எழுதினேன்.
நான் இந்த மன்றத்தின் செயலாளர்.
எதையும் சேகரிப்பதில்லை.
கையெழுத்து நன்றாயிருக்கிறது என்று
ஆறு வருடத்துக்கு முன் பிடித்து உட்காரவைத்தார்கள்.

தலைவர் இல்க்வார்ஸ் மேசைமேல்
பச்சைக் கம்பளித் துணியை விரித்தார்.
காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும்,
முகத்தில் விரல் படக்கூடாது,
துடைக்கவே கூடாது, துடைத்தால் பாதி விலை.
எல்லாருக்கும் தெரிந்ததை
எல்லாக் கூட்டத்திலும் சொல்வார்.
முடிக்கும்வரை எவரும் காபியைத் தொடுவதில்லை.

ஸ்கைத்ரீதெயின் மார்பில் அந்தப் பழைய ஐந்து லாட் வெள்ளி.
யாரோ பின்பக்கம் ஊசி பற்றவைத்து
உடைப்பூவாக ஆக்கியது.
விலைப்பட்டியலின்படி கெட்டுப்போன காசு.
அதை அவரிடம் சொல்ல ஒருவருக்கும் வாய் வந்ததில்லை.
உள்ளே நுழைந்ததும் எல்லாரும்
முதலில் அதைத்தான் பார்க்கிறோம்.

மேசைக் கோடியில் எய்ஜென்ஸ்,
ஜார் காலத்துக் கோபெக் ஏழு.
பக்கத்து நாற்காலி காலி.
மூன்று வருடமாக அது காலிதான்.
அதற்கான காரணம் குறிப்பேட்டில் இல்லை.
தலைவரின் ஆல்பத்திலிருந்து ஒரு துருக்கி லிரா காணாமல் போனது,
நடுவட்டம் தள்ளி அடிபட்ட பிழைக்காசு.
அன்று கடைசியாக ஆல்பத்தைப் புரட்டியவன் இவன்.
யாரும் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை.
பூதக்கண்ணாடி மட்டும்
அவன் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டது.

ஏழு மணிக்குக் கதவைத் தட்டாமல் வந்தாள் ஒருத்தி,
டிராம் கம்பெனி நீலக் கோட்டு,
கையில் வெள்ளரி ஊறுகாய் ஜாடி.
"வெல்த்தா. கண்டக்டர்.
இருட்டில் என் கையில் திணித்துவிட்டு இறங்கிப்போனவை இதெல்லாம்.
கணக்கு உதைத்த போதெல்லாம்
என் சம்பளத்திலிருந்து போட்டேன்.
இங்கே இதற்கு ஏதாவது மதிப்பு உண்டா?"

கவிழ்த்தாள்.
தாய்லாந்துப் பத்து பாட் மூன்று,
கென்யா ஷில்லிங் ஒன்று,
சலவை இயந்திர டோக்கன்,
ஒரு ராணுவப் பொத்தான்கூட.
இரண்டு யூரோ வேஷம் கட்டி
பனிமூட்டத்தில் பயணம் செய்தவை.

செல்லாக் காசுகளுக்கு அப்படியொரு வரவேற்பு!
பத்து பாட்டுக்கு இருவர் சண்டை.
"எந்தக் களவாணிப் பயல் பொத்தானைக் கொடுத்தான்?"
என்று யூகிஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

இல்க்வார்ஸ் சிரிக்கவில்லை.
குவியலிலிருந்து ஒன்றை எடுத்தார்.
விளிம்பில் பிடிக்கவில்லை.
உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

அறையில் காற்றின் சத்தம் மட்டும்,
இந்த ஊரில் அது எப்போதும் இருப்பதுதான்.

"என் கோட்டுப் பையில் இருந்திருக்கிறது," என்றார்.
"டிராமில் கொடுத்திருக்கிறேன்.
நானே."

பிறகு பர்ஸைத் திறந்து
வெல்த்தாவிடம் இரண்டு யூரோ நீட்டினார்.
அவள் விளக்கடியில் திருப்பிப் பார்த்து
வாங்கிக்கொண்டாள்.
மீதியில்லை என்றாள். வேண்டாம் என்றார்.

எய்ஜென்ஸ் பக்கம் திரும்பாமலே
லிராவைத் துணி நடுவே வைத்து, "ஏலம்" என்றார்.
நாங்கள் சூப் கரண்டியைத்தான் சுத்தியலாக வைத்திருக்கிறோம்.
அது தலைவரின் கையில் நடுங்கியது.
குளிர் என்றும் சொல்லலாம்.

ஒருவரும் கேட்கவில்லை.
"பத்து சென்ட்," என்றான் எய்ஜென்ஸ்.
கரண்டி விழுந்தது.

எழுந்து வந்தான். காசை எடுத்தான்.
சட்டை நுனியை வெளியே இழுத்து,
அதன்மேல் வாயால் ஊதி,
அழுத்தித் துடைத்தான்.
முன்பக்கம், பின்பக்கம்,
பிறகு மறுபடியும் முன்பக்கம்.
பதினொரு பேரும் வெல்த்தாவும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
தலைவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாவிக்கொத்து கிடந்த பையில் போட்டுக்கொண்டு
தன் இடத்தில் போய் உட்கார்ந்தான்.
வேறு நாற்காலி இல்லாததால்
வெல்த்தா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எழுதினேன்:
துருக்கி லிரா, பத்து சென்ட், ஒரே கேள்வி.
நிலை என்ற கட்டத்தில்
நல்லது என்று போட்டு, அடித்து,
வெறுமனே விட்டேன்.
வெப்பக்குழாய் பற்றி அடுத்த மாதம் பேசுவதென முடிவானது.